இலவசமாக வந்த பாட்டும் வராமலே போன பாட்டும்
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வயலின் கம்பி வாங்குவது பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியபோது, "காசு கொடுக்காமல் பாட்டை இறக்கித் தரும் தளங்களை நான் திறப்பதில்லை, என் மாணவர்களையும் திறக்க விடுவதில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கம்பியைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். சில கோபமாகவே வந்தன. திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்துக் குடும்பம் நடத்தியவள் நான். இதில் எனக்குச் சொல்ல நிறைய உண்டு. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: என் சைக்கிளை ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் எனக்குச் சைக்கிள் இல்லை. ஒரு பாட்டை நான் நகல் எடுத்தால் பாட்டு அங்கேயேதான் இருக்கிறது. யாருக்கும் எதுவும் குறையவில்லையே, பிறகு ஏன் இதைத் தவறு என்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

சைக்கிள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், தம்பி. பாட்டு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் இழப்பைத் தேட வேண்டிய இடம் வேறு. உங்கள் பக்கத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஒரு வில்லுப்பாட்டுக் கலைஞர். பெயர் வேண்டாம், அவர் அதை விரும்பமாட்டார். கோயில் கொடை விழாக்களில் முத்துப்பட்டன் கதையை விடிய விடியப் பாடுவார். வீசுகோல் வில்லின் நாணில் விழுந்து மணிகள் மொத்தமும் குலுங்கும்போது, அவற்றுக்கு மேலே ஏறி நிற்கும் குரல் அவருடையது. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, மணிக்கணக்கில் வாடகை பேசி ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தை எடுத்து, அந்தக் கதையைக் குறுந்தகடாகக் கொண்டுவந்தார். பதிவின்போது நானும் அங்கே இருந்தேன். குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது எழுகிற அந்த அடிக்குரல் மைக்கில் விழவே இல்லை. தரையில் விரித்திருந்த கம்பளம் ஒலியை விழுங்கிக்கொண்டிருந்தது. கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்து, பலகை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் பிரிமனையையும் குடத்தையும் வைத்த பிறகுதான் சத்தம் உருண்டு திரண்டு வந்தது. அதற்கே அரை நாள் போயிற்று. அந்த அரை நாளுக்கும் வாடகை உண்டு. உடுக்கைக்காரருக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் அன்றன்றைக்கே சம்பளம் கொடுத்துவிட்டார்.

ஆயிரம் தகட்டுக்குக் குறைந்து அச்சிட்டுத் தரமாட்டார்கள். ஆயிரம் போட்டார். கொடைக்குப் போகிற ஊர்களில் எல்லாம், பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் பையில் வைத்து விற்றார். முதல் சில வாரங்கள் நன்றாகவே போனது. அப்போதுதான் ஊருக்கு ஊர் செல்போன் கடைகளில் "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று பலகை தொங்க ஆரம்பித்த காலம். யாரோ ஒருவர் ஒரு தகட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க, முத்துப்பட்டன் கதை முழுவதும் கடைக்காரரின் கணினியில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கொடைக்கு வந்தவர்கள் அவரிடமே வந்து, "அக்கா, உங்கள் பாட்டு முழுவதும் என் போனில் இருக்கிறது" என்று ஆசையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தனை பேரும் அவரை நேசித்தவர்கள். ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. மீதித் தகடுகள் வீட்டுப் பரணுக்குப் போயின.

அடுத்து தோட்டுக்காரி அம்மன் கதையைப் பதிவு செய்வதாக இருந்தார். செய்யவில்லை. அவர் பாடும் பாடத்தில் வேறு யாரிடமும் நான் கேட்காத வரிகள் உண்டு. அவருடைய குருவிடமிருந்து வந்தவை. இன்று அவை அவருடைய நினைவிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் மட்டுமே இருக்கின்றன. யாருக்கும் எதுவும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறைந்தது அந்தத் தோட்டுக்காரி அம்மன் கதைதான், தம்பி. உங்களுக்கும் எனக்கும் கிடைத்திருக்க வேண்டிய ஒரு பதிவு வராமலே போய்விட்டது.

கேள்வி: எண்பதுகளில் நாங்கள் எல்லோருமே ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பதிந்து கேட்டவர்கள்தானே? அப்போது யாரும் இதைக் குற்றம் என்று சொன்னதாக நினைவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

நன்றாக நினைவிருக்கிறது அம்மா. கடைக்குக் கடை நீளமான நோட்டு ஒன்று இருக்கும். படத்தின் பெயர், பாட்டின் முதல் வரி என்று கையால் எழுதி வைத்திருப்பார்கள். நாம் ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிட கேசட்டா 90 நிமிட கேசட்டா என்று சொல்லிவிட்டு வந்தால் இரண்டு நாளில் தயார். கடைக்காரரின் அழகான கையெழுத்தில் பாட்டு வரிசையும் எழுதித் தருவார். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுபடாமல் இருக்க, நேரத்தைக் கணக்குப் பார்த்து அடுக்குகிற கைதேர்ந்தவர்கள் அவர்கள்.

சட்டப்படி அதுவும் உரிமை மீறல்தான். ஆனால் அன்றைக்கு இசைத்தட்டு வாங்கும் வசதி எத்தனை வீடுகளில் இருந்தது? வேண்டிய பாட்டு வேண்டிய ஊரில் விலைக்குக் கிடைத்ததா? கிடைக்காத இடத்தில் அந்தக் கடைகள்தான் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தக் கடைகளை நான் பழிக்கமாட்டேன். நம் அரசாங்கம் அன்று செய்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம். ஜெர்மனியில் 1965லேயே, மக்கள் வீட்டில் பதிவு செய்துகொள்வதைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, பதிவுக் கருவியின் விலையிலேயே ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலித்துக் கலைஞர்களுக்குப் பங்கிட வழி செய்தார்கள். 1985இல் வெற்று கேசட்டுக்கும் அதை விரித்தார்கள். கேட்பவருக்கும் குற்றவுணர்ச்சி இல்லை, பாடியவருக்கும் ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தது. இங்கே வெற்று கேசட் லட்சக்கணக்கில் விற்றது. அதில் ஒரு பைசாகூட இசைக்காரருக்கு வரவில்லை.

கேள்வி: நாம் காசு கொடுத்து வாங்கினாலும் அது கம்பெனிக்குத்தான் போகிறது. கலைஞர்களை முதலில் ஏமாற்றியவர்களே அவர்கள்தான். அவர்களுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?
– மென்பொருள் ஊழியர், சென்னை

உங்கள் கோபத்தின் முதல் பாதி என்னுடையதும்தான். பின் பாதிக்கு நான் வரமாட்டேன்.

இந்த நாட்டில் ஒரு பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் நெடுங்காலம் என்ன நிலை என்று பாருங்கள். 1977இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. ஒரு பக்கம் இந்தியப் பாடல் உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்., மறு பக்கம் படத் தயாரிப்பாளர்கள். தயாரிப்பாளர் காசு கொடுத்துப் படத்துக்காகச் செய்யச் சொன்ன இசையில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பைச் சேர்த்தார்: பாடுகிறவருக்கு நம் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று. நாடாளுமன்றம் கவனிக்க 1994 ஆயிற்று. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் நிகழ்த்துபவருக்கு என்று ஒரு உரிமை சட்டத்தில் எழுதப்பட்டது.

பிறகு 2012இல் வந்த திருத்தம் பெரியது. மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடியதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்கு உரியவருக்குக் கொடுக்கும் தொகையில், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர்களே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. பசியில் இருக்கும் கவிஞனிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு விழுந்த அடி அது.

எங்களைப் போலக் கூட்டத்தில் வாசித்தவர்களுக்கு எல்லாம் கால்ஷீட் கூலிதான். காலையில் போய் நோட்டேஷன் எழுதிக்கொண்டு, ஒத்திகை பார்த்து, டேக் சரியாக வந்தால் வீட்டுக்கு வரலாம். அந்தப் பாட்டு நாற்பது ஆண்டு ஓடினாலும் அன்றைய கூலியோடு எங்கள் கணக்கு முடிந்தது. அந்தக் கூலியாவது ஒழுங்காகக் கைக்கு வரவேண்டும் என்று சென்னையில் இசைக்கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியவர்களில் முதன்மையானவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது.

ஆகவே கம்பெனிகளின் மீது எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் இறக்கிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது? கம்பெனிக்கும் போகவில்லை, கலைஞருக்கும் போகவில்லை. அந்தத் தளத்தில் சூதாட்ட விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிறவருக்குப் போகிறது. முப்பத்தைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு சட்டம் வாங்கிக் கொடுத்திருப்பது வருமானத்தில் பங்கு. வருமானமே இல்லாத இடத்தில் பங்கு எங்கிருந்து வரும்? கம்பெனிக்காரர் மீதுள்ள கோபத்தை நீங்கள் கவிஞரின் பங்கில் தீர்த்துக்கொள்கிறீர்கள்.

ராயல்டி என்பது சின்னக் காசு என்று நினைக்க வேண்டாம். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா தாம் பாடிய வெங்கடேச சுப்ரபாதத்துக்கு வரும் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே அளித்துவிட்டார். விடியற்காலையில் தெருவுக்குத் தெரு கேட்ட அந்தக் குரல் எங்கேயோ ஒரு பாடசாலைக்கு உதவிக்கொண்டிருந்தது.

கேள்வி: நஷ்டம் நஷ்டம் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு நஷ்டம்? சில பெரிய கலைஞர்கள் தாங்களே இலவசமாகக் கொடுக்கவில்லையா?
– வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்

அமெரிக்காவின் கணக்கு தெளிவாக இருப்பதால் அதையே சொல்கிறேன். நாப்ஸ்டர் என்ற பகிர்வுச் செயலி 1999 ஜூனில் வந்தது. அந்த ஆண்டு அங்கே பதிவிசையின் மொத்த வருமானம் ஏறத்தாழ 1,460 கோடி டாலர். 2014இல் அதில் பாதிக்கும் குறைவு. முழுப் பழியையும் இறக்கிக்கொண்டவர்கள் தலையில் போடுவது நியாயம் அல்ல. 2003இல் ஐடியூன்ஸ் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்குத் தனியாக விற்க ஆரம்பித்ததும், ஒரு பாட்டுக்காக முழு ஆல்பம் வாங்குவது நின்றது. அதுவும் இந்தச் சரிவில் சேர்ந்திருக்கிறது.

இலவசமாகக் கொடுத்தவர்கள் உண்டு. ரேடியோஹெட் என்ற ஆங்கிலேயக் குழு 2007 அக்டோபரில் தங்கள் புதிய ஆல்பத்தை, விரும்பிய விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், காசு கொடுக்காமலும் எடுக்கலாம் என்று இணையத்தில் வைத்தது. அப்போது அவர்கள் உலகம் முழுவதும் அரங்கு நிறையும் குழு. டிக்கெட் விற்றே வாழ முடியும். இன்னொன்றும் உண்டு: கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவர்கள் கையில் இருந்தது. நாங்குநேரிக்காரரிடம் யார் கேட்டார்கள்?

கேள்வி: பாட்டை இறக்கினால் சிறையா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், சேலம்

தெரிந்தே உரிமை மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே வீடியோ திருட்டுக்காரர்களைச் சேர்த்தார்கள்.

தண்டனையால் இது தீரும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பெண் 24 பாட்டுகளைப் பகிர்ந்ததற்காக 2,22,000 டாலர் கட்ட வேண்டும் என்று 2007இல் தீர்ப்பாயிற்று. மறுவிசாரணைகளில் அது 19 லட்சம் டாலர் வரை ஏறி, பல ஆண்டு இழுபட்டு, கடைசியில் பழைய தொகைக்கே வந்து நின்றது. எந்தப் பாடகரும் அப்படி ஒரு தொகையை அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க மாட்டார். இது கொடுமை. இசையின் பெயரால் இப்படி நடந்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கேள்வி: நான் மாதச் சந்தா கட்டித்தான் கேட்கிறேன். என் கடமை முடிந்ததா?
– குடும்பத்தலைவி, மதுரை

கட்டாதவரை விட நூறு மடங்கு மேல். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சேவைகளில் உங்கள் சந்தா, நீங்கள் கேட்டவருக்கு நேரே போவதில்லை. எல்லோருடைய பணமும் ஒன்றாகச் சேர்ந்து, மொத்தத்தில் யாருடைய பாட்டு எத்தனை முறை ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிகிறது. மாதம் முழுவதும் நீங்கள் ஒரு நாகஸ்வரக் கலைஞரை மட்டுமே கேட்டிருந்தாலும், உங்கள் காசில் பெரும்பங்கு அந்த மாதத்து வெற்றிப் பாட்டுகளுக்குத்தான். அதோடு 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது ஓடியிருக்காவிட்டால் அதற்குப் பதிவு ராயல்டியே கிடையாது. கிராமத்துக் கலைஞர் ஒருவரின் பாட்டு எத்தனை முறை ஓடும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சந்தாவை நிறுத்த வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த சின்னக் கலைஞர்களில் ஒருவரையாவது நேராகப் போய்ச் சேருங்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள். வாசலில் அவர் தகடு வைத்திருந்தால், வீட்டில் கருவி இல்லாவிட்டாலும் ஒன்று வாங்குங்கள். கலைஞர்கள் தாங்களே பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் அவர் பாட்டு இருந்தால் அங்கே வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் வழக்கமாக எடுப்பது 15 சதவீதம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல், குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். மேடை ஒன்றும் இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்த கலைஞர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் இருக்கின்றன. கடையில் எங்கும் கிடைக்காதவை. இணையத்தில் ஏற்றலாமா?
– பொறியாளர், தஞ்சாவூர்

முதலில் அவற்றை நிறுத்தி அடுக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

ஒலிப்பதிவுக்கு நம் சட்டத்தில் உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். அவர் இருந்தபோது வெளிவந்த தட்டுகள் எல்லாம் இன்று பொதுச்சொத்து. அவர் வாசித்த தோடி ராகத்தைத் தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் பாட்டின் உரிமை தனிக் கணக்கு: எழுதியவர், மெட்டமைத்தவர் மறைந்து 60 ஆண்டு ஆகவேண்டும். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளில் அந்தச் சிக்கல் இல்லை. பாரதியார் பாடல்களிலும் இல்லை. தனியார் கையில் இருந்த அந்த உரிமையை 1949இல் அரசு எடுத்துக்கொண்டு, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. அரசு அப்போது பாரதியின் குடும்பத்துக்கும் பணம் கொடுத்தது. எல்லோருக்கும் பொதுவாக்குவதிலும் இப்படி ஒரு மரியாதையான முறை உண்டு.

சபாவில் ரகசியமாகப் பதிவு செய்த கச்சேரிகள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவை வேறு. பாடியவர் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் வாரிசுகளிடமும் கேளுங்கள். நான் அறிந்தவரை, மரியாதையாகக் கேட்டால் பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

கேள்வி: என் பத்தாம் வகுப்பு மகனிடம் காசும் இல்லை, வங்கி அட்டையும் இல்லை. அவனுக்கு நான் என்ன சொல்வது?
– தாய், ஈரோடு

திருடன் என்று மட்டும் சொல்லாதீர்கள். இசை மீது ஆசையுள்ள பிள்ளை அவன். இசை நிறுவனங்களும் கலைஞர்களும் யூடியூபில் தாங்களே நடத்தும் பக்கங்களைக் காட்டிக் கொடுங்கள். விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டு கேட்டால் உரியவருக்குக் கொஞ்சம் போகிறது. வானொலியைத் திறந்து வையுங்கள். கோயில் திருவிழாவில் கச்சேரி நடந்தால் அழைத்துப் போங்கள். அங்கே எல்லாமே இலவசம், வாசிப்பவருக்கும் சம்பளம் உண்டு.

கேள்வி: அடுத்த மாதம் மகள் திருமணம். மண்டபத்தில் பாட்டுப் போட லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

பயப்பட வேண்டாம். திருமண ஊர்வலத்திலும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலேயே விலக்கு பெற்றது. மத்திய அரசும் 2023 ஜூலையில் ஒரு பொது அறிவிப்பில் இதைத் தெளிவுபடுத்தியது. அந்த அறிவிப்பின் நகல் ஒன்றை மண்டபத்து மேலாளரிடம் கொடுத்து வையுங்கள். நாகஸ்வரமும் தவிலும் ஏற்பாடு செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பேசிய தொகையில் மீதியை, அவர்கள் முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டு எழுந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் வாருங்கள் என்று சொல்ல வேண்டாம். மறுநாள் அவர்களுக்கு வேறு ஊரில் முகூர்த்தம் இருக்கும்.